வைக்கோலோடு போகும் களைக்கொல்லி: மாட்டின் வயிறு எதைப் பிரிக்கும், எதை விடும்?

களைக்கொல்லி அடித்த வயலின் வைக்கோல் ஆய்வகத்துக்கு வந்தால் முதல் வேலை அரைப்பது. சூடேறாமல் இருக்க உலர்பனிக்கட்டி சேர்த்து மாவாக்குவார்கள். அந்த மாவை மெத்தனாலும் தண்ணீரும் கலந்த கரைப்பானில் ஊறவைத்து, குலுக்கி, வடிகட்டுவார்கள். ஒரு முறை போதாது; இரண்டு மூன்று முறை. வடிநீரில் இறங்கியதைக் கருவியில் ஏற்றினால் என்ன மருந்து, எவ்வளவு என்று தெரிந்துவிடும். வடிதாளில் வெளிறிய சக்கை ஒன்று மிஞ்சும். அதற்குள்ளும் களைக்கொல்லியின் துண்டுகள் இருக்கும். எத்தனை முறை கழுவினாலும் அவை இறங்கிவராது. இதற்குத்தான் ‘பிணைந்த எச்சம்’ என்று பெயர்.

மருந்தின் வேதித்தன்மையைப் பெரிதாக மாற்றிவிடாத முறைகளால் பிரித்தெடுக்க முடியாத எச்சம் என்று 1984-இல் ஐயுபிஏசி என்னும் சர்வதேச வேதியியல் ஒன்றியம் இதை வரையறுத்தது. இந்த வரையறை பேசுவதெல்லாம் வேதியியலாளரின் கரைப்பானைப் பற்றித்தான். மாட்டின் வயிற்றைப் பற்றி இதில் ஒரு சொல்கூட இல்லை. மெத்தனாலுக்கு இளகாதது நான்காம் வயிற்றின் அமிலத்துக்கு இளகலாம். அமிலத்துக்கும் அசையாததைக் குடலில் இருக்கும் நுண்ணுயிர் கடித்துப் பிரிக்கலாம். எதற்கும் மசியாமல் சாணத்தோடு போவதும் உண்டு. ‘பிணைந்தது, ஆகவே பாதுகாப்பானது’ என்று விற்பனைத் துண்டறிக்கைகளில் எழுதுவதும் சரியில்லை. ‘பிணைந்தது, ஆகவே மறைந்திருக்கும் நஞ்சு’ என்று பயமுறுத்துவதும் சரியில்லை. எந்தத் துண்டு, எதோடு, எந்த வகைப் பிணைப்பால் ஒட்டியிருக்கிறது என்று பார்க்காமல் இரண்டில் எதையும் சொல்ல முடியாது.

நெல்லும் புரோபனிலும்

இந்த ஒட்டுதலைப் புரிந்துகொள்ள நெல்லை விட்டு வேறெங்கும் போக வேண்டியதில்லை. புரோபனில் என்னும் நெல்வயல் களைக்கொல்லி 1960-களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது. இலங்கை விவசாயிகளுக்கு 3,4 டிபிஏ என்றால் உடனே தெரியும். நாற்றோடு நாற்றாக நிற்கும் குதிரைவாலிப் புல்லைக் கருக்கிவிட்டு நெல்லை விட்டுவிடும் என்பதுதான் அதன் பெருமை. அந்தப் பெருமை உண்மையில் நெல்லுக்கே சேர வேண்டும். நெல்லின் இலையில் அரைல் அசைலமிடேஸ் என்னும் நொதி நிறைய இருக்கிறது. அது புரோபனிலை இரண்டாக வெட்டுகிறது: ஒரு பக்கம் புரோபியோனிக் அமிலம், மறுபக்கம் 3,4-டைகுளோரோஅனிலின். குதிரைவாலிக்கு அந்த நொதி போதவில்லை, அதனால் கருகுகிறது. கார்பமேட், ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் இதே நொதியை முடக்கிவிடும். அவற்றை அடித்த சில நாளிலேயே புரோபனில் அடித்தால் நெல்லும் சேர்ந்து கருகும். இரண்டு வாரமாவது இடைவெளி விடச் சொல்வது இதற்காகத்தான்.

வெட்டியதும் கதை முடிவதில்லை. புரோபியோனிக் அமிலத்தைப் பயிர் சாதாரண உணவாக எரித்துவிடும். டைகுளோரோஅனிலினை அப்படி எரிக்க அதற்குத் தெரியாது. விலங்குக்குச் சிறுநீரகம் இருக்கிறது, வேண்டாததை வெளியே தள்ளிவிடும். செடிக்குக் கழிவறை கிடையாது. அதன் குப்பைக்கிடங்கு அதன் சொந்தச் சுவர்தான். நெல்லுக்குள் இந்த டைகுளோரோஅனிலினின் பெரும்பகுதி செல்சுவருக்கு விறைப்புத் தரும் லிக்னின் என்ற பொருளோடு சேர்ந்து கிடப்பதை யிஹ், மெக்ரே, வில்சன் மூவரும் 1968-இல் காட்டினார்கள். செடியில் பிணைந்த எச்சம் பற்றிய பிற்கால வேலைகள் பலவும் அங்கிருந்துதான் கிளம்பின.

லிக்னின் உருவாகும் இடத்தை நெருங்கிப் பார்த்தால் பிணைப்பின் வகை தெரியும். செல்சுவரில் கோனிஃபெரில் ஆல்கஹால் போன்ற சிறு மூலக்கூறுகளை, ஹைட்ரஜன் பெராக்சைடின் துணையோடு பெராக்சிடேஸ் நொதி கோக்கிறது. கோக்கும்போது குயினோன் மெத்தைடு என்ற இடைநிலை ஒரு நொடி தலைகாட்டும். வழக்கமாக ஒரு தண்ணீர் மூலக்கூறு வந்து அதில் உட்கார்ந்து அதை அடக்கிவிடும். பக்கத்தில் நம் டைகுளோரோஅனிலின் போன்ற ஓர் அனிலின் இருந்தால் தண்ணீரை முந்திக்கொண்டு அது உட்கார்ந்துவிடுகிறது. அனிலினின் நைட்ரஜன் லிக்னினின் பக்கச் சங்கிலியில், வளையத்துக்கு அடுத்த கார்பனில் பிடித்துக்கொள்கிறது. சுவர் எழும்பும்போதே செங்கலோடு செங்கலாக வைத்துக் கட்டியது போல. பெயர்த்து எடுக்கச் சுவரை இடிக்க வேண்டும் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள்.

அந்தப் பிடிக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. காரத்துக்கு அது அசையாது. அமிலம் பட்டால் இளகும். சுவரை இடிக்காமலே கல்லை மட்டும் உருவ அமிலத்தால் முடியும். வயிற்றில் அமிலம் இருக்கிறது என்பதை இங்கே ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

புரோபனிலோடு மட்டும் இந்த அனிலின் நிற்பதில்லை. லினுரான், டையூரான் போன்ற யூரியா வகைக் களைக்கொல்லிகள் சிதைந்தாலும் இதே 3,4-டைகுளோரோஅனிலின்தான் வருகிறது. டையூரான் கரும்பில் அடிக்கும் மருந்து, கரும்பின் கொழுந்தாடை மாட்டுக்குத் தீனி. ஆகவே இது நெல் வட்டாரத்துக்கு மட்டுமான விஷயம் இல்லை.

சக்கையில் இருப்பதெல்லாம் மருந்தா?

இல்லை. இதில் தடுக்கி விழுந்த ஆய்வுகள் நிறைய. பிணைந்த எச்சத்தை அளக்க ஒரே நம்பகமான வழி, களைக்கொல்லி மூலக்கூறில் ஒரு கார்பனுக்குப் பதிலாகக் கதிரியக்கக் கார்பன்-14 வைத்து அடிப்பது. பிறகு சக்கையை எரித்து, வரும் கரியமில வாயுவைப் பிடித்துக் கதிரியக்கத்தை எண்ணுவார்கள். எண்ணிக்கை வந்தால் எச்சம் இருக்கிறது என்று பொருள். ஆனால் எண்ணிக்கைக்கு முகம் கிடையாது. புரோபனிலின் புரோபியோனிக் பக்கத்தில் கார்பன்-14 வைத்திருந்தால், பயிர் அதை எரித்து, வெளிவந்த கரியமில வாயுவை ஒளிச்சேர்க்கையில் திரும்பப் பிடித்து, சர்க்கரையும் மாவுச்சத்தும் செல்லுலோஸும் ஆக்கியிருக்கும். சக்கையில் கேட்கும் ‘டிக் டிக்’ அப்போது வெறும் சர்க்கரையின் சத்தம். அதை மாடு தின்று செரித்தால் எச்சம் உறிஞ்சப்பட்டது என்று எழுதிவிடலாம். எழுத்துப்படி பொய் இல்லை, பொருளில் முழுப் பொய். எளிதில் சிதையாத வளையத்தில் குறியிட வேண்டும், மூலக்கூறு இரண்டாக உடையும் என்றால் இரு பக்கமும் தனித்தனியாகக் குறியிட வேண்டும் என்று ஆய்வு வழிகாட்டிகள் வற்புறுத்துவது இதனால்தான்.

அடுத்தது, சக்கையை எவ்வளவு தூரம் தோண்டுவது என்ற கேள்வி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் வழிகாட்டி இதற்கு ஒரு கோடு போட்டிருக்கிறது: பிணைந்த பங்கு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம், அல்லது மொத்தக் கதிரியக்க எச்சத்தில் 10 சதவீதம், இதில் எது பெரிதோ அதைத் தாண்டினால் விடுவித்துப் பார்க்க வேண்டும். தாண்டாவிட்டால் அப்படியே விட்டுவிடலாம்.

விடுவிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. மென்மையானதில் தொடங்கி முரட்டுத்தனத்துக்குப் போக வேண்டும். மாவுச்சத்துக்கு அமிலேஸ், புரதத்துக்குப் புரோட்டியேஸ், பெக்டினுக்குப் பெக்டினேஸ் என்று நொதிகள் முதலில். லிக்னினுக்கு டையாக்சேனும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும். ஹெமிசெல்லுலோஸுக்கு 24 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. கடைசியில் செல்லுலோஸைக் கரைக்க 72 சதவீத கந்தக அமிலம். ஒவ்வொரு படியிலும் எவ்வளவு கதிரியக்கம் வெளியே வருகிறது என்று குறித்துக்கொண்டே போனால், எச்சம் எந்த அறையில் இருந்தது என்று ஓரளவு சொல்லலாம். ஓரளவுதான். பொறுமையில்லாமல் முதல் படியிலேயே கொதிக்கும் அமிலத்தில் போட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். ஆனால் வந்தது செடியில் இருந்த பொருளா, கொதியில் பிறந்த பொருளா என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி வயிறு

வைக்கோல் மாட்டின் வாயில் அரைபட்டு, எச்சிலோடு ரூமன் என்னும் முதல் வயிற்றுக்குப் போகிறது. அங்கே சுமார் 39 டிகிரி சூடு, பிஹெச் 6-இலிருந்து 7-க்குள், பிராணவாயு கிட்டத்தட்ட இல்லை. வைக்கோல் போன்ற முரட்டுத் தீனி இரண்டு மூன்று நாள் அங்கேயே ஊறும். செல்லுலோஸையும் ஹெமிசெல்லுலோஸையும் நுண்ணுயிர்கள் உடைக்கும். ஆகவே சர்க்கரையோடும் ஹெமிசெல்லுலோஸோடும் ஒட்டிய துண்டுகள் இங்கேயே விடுபடுகின்றன. லிக்னினை முழுதாக உடைக்கப் பிராணவாயு வேண்டும். காட்டில் மரத்தை மக்கச் செய்யும் வெள்ளையழுகல் பூசணம் செய்யும் வேலை அது. ரூமனில் அதற்கு இடமில்லை. ஆனாலும் ரூமனில் வாழும் சில பூசணங்களும் பாக்டீரியாக்களும் லிக்னினுக்கும் ஹெமிசெல்லுலோஸுக்கும் நடுவே பாலம்போல் நிற்கும் ஃபெருலிக் அமிலப் பிணைப்பை வெட்டும். வெட்டினால் லிக்னின் உடையாமலே சிறு துணுக்குகளாகக் கரைந்து பிரியும், முதுகில் களைக்கொல்லித் துண்டைச் சுமந்துகொண்டே.

அந்தத் துணுக்கு அடுத்து நான்காம் வயிற்றுக்குப் போகிறது. அங்கே பிஹெச் 2-இலிருந்து 3. சுவரில் அனிலினைப் பிடித்திருந்த அமிலத்துக்கு அஞ்சும் பிணைப்புக்கு இது சரியான களம். விடுபட்ட அனிலின் சிறுகுடலில் தடையில்லாமல் இரத்தத்தில் ஏறும். ஆக, அசைபோடும் விலங்கில் இரண்டு கட்டமாக வேலை நடக்கிறது: ரூமன் சுவரை இளக்குகிறது, நான்காம் வயிறு கல்லை உருவுகிறது. பன்றிக்கும் எலிக்கும் கோழிக்கும் அமிலம் இருக்கிறது; அதற்கு முன் இரண்டு நாள் ஊறவைக்கும் தொட்டி இல்லை. எலியில் எடுத்த எண்ணை மாட்டுக்குப் பொருத்தும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள்.

யூரியா ஊட்டிய வைக்கோலை இங்கே சொல்லாமல் விட முடியாது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி, மூன்று வாரம் வைப்பது நம் ஊர்க் கால்நடை வளர்ப்பில் பழகிய முறை. யூரியாவிலிருந்து பிறக்கும் அம்மோனியா அதே ஃபெருலிக் பாலங்களைத்தான் உடைக்கிறது. வைக்கோல் கூடுதலாகச் செரிப்பது அதனால்தான். நைட்ரஜனால் பிடித்த அனிலினை இந்தக் காரம் நேரடியாக விடுவிக்காது. ஆனால் சுவர் எவ்வளவு இளகுகிறதோ அவ்வளவு துணுக்குகள் நான்காம் வயிற்றின் அமிலத்தில் போய் விழும். செரிமானம் கூடினால் எச்சத்தின் விடுதலையும் கூடும் என்பது இதன் தர்க்கம். அதற்காக யூரியா ஊட்டுவதைக் கைவிட வேண்டியதில்லை, களைக்கொல்லி அடித்து எத்தனை நாள் கழித்து அறுத்தது என்று கேட்டுக்கொண்டால் போதும்.

ஆய்வுகள் காட்டியது

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஃபார்கோ நகரில் உள்ள வேளாண்துறை ஆய்வகம் இந்தத் துறையின் பிறந்தகம் என்றே சொல்லலாம். அங்கே 1972-இல் பேக்கே, ஷிமாபுகுரோ முதலியோர், அட்ரசின் என்னும் களைக்கொல்லி அடித்த சோளத்திலிருந்து கரைப்பானால் இறங்குவதையெல்லாம் இறக்கிவிட்டு, மிஞ்சிய சக்கையை எலிக்கும் ஆட்டுக்கும் கொடுத்தார்கள். பெரும்பகுதி புழுக்கையோடு வெளியேறியது. அட்ரசினைச் சோளம் கையாளும் விதம் வேறு: தன் செல்லிலேயே இருக்கும் குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறைச் சேர்த்து நச்சை எடுத்துவிட்டு, பிறகு அந்த எச்சத்தைச் சிறுகச் சிறுகச் சுவரில் பதிக்கிறது. கனடாவில் ஷஹமத் கான் குழுவினர் 1980-களில் மக்காச்சோளத்தில் பிணைந்த அட்ரசின் எச்சத்தை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். ‘பிணைந்தது உடலில் ஏறாது’ என்ற நம்பிக்கைக்கு இதுபோன்ற வேலைகள் துணைநின்றன.

அந்த நம்பிக்கையை ஆட்டிவைத்தது ஜெர்மனியின் ஹைன்ரிஷ் சாண்டர்மன் குழு. அவர்கள் செடியின் சக்கையை அப்படியே கொடுக்காமல், எந்தத் துண்டு எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரிந்த குளோரோஅனிலின்–லிக்னின் பொருளைத் தயாரித்தார்கள். ஃபார்கோ ஆட்களோடு சேர்ந்து அதை எலிகளுக்கும் ஆட்டுக்குட்டிகளுக்கும் கொடுத்து 1990-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பங்கு கரைந்து, உடலுக்குள் போய், சிறுநீரில் வந்தது. லிக்னினில் மாட்டியது விலங்குக்கு எட்டாது என்ற பொதுவிதி அதோடு உடைந்தது. அட்ரசின் எச்சம் ஒரு மாதிரியும் அனிலின் எச்சம் வேறு மாதிரியும் நடந்துகொள்வதில் முரண்பாடு இல்லை. பிணைப்பு வேறு, அதனால் நடத்தையும் வேறு.

இப்படிப்பட்ட சோதனையில் தவறு நுழையும் இடங்கள் பல. சக்கையைத் தயாரிக்கும்போது கரைப்பானால் பலமுறை கழுவி உலர்த்தினால் நார் இறுகிவிடும். மாடு தின்னும் வைக்கோலைப் போல அது செரிக்காது, உறிஞ்சல் குறைத்துக் காட்டும். கழுவல் போதாமல் போனாலோ ஒட்டாத மருந்தும் கூடவே வந்து உறிஞ்சலைக் கூட்டிக் காட்டும். கடைசிக் கழுவலில் கதிரியக்கம் பின்னணி அளவுக்கு இறங்கியதா என்று பார்ப்பது இதற்காகத்தான். எலி தன் புழுக்கையைத் தானே தின்னும். கம்பிவலைத் தளம் இல்லாத கூண்டில் வைத்தால் ஒரே எச்சம் இரண்டு முறை குடலைக் கடந்துவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, புழுக்கையில் வந்ததை ‘உறிஞ்சப்படாதது’ என்று கணக்கெழுதுவது. குடலில் ஏறி, கல்லீரலுக்குப் போய், பித்தநீரோடு திரும்பக் குடலில் கொட்டியதும் புழுக்கையில்தான் வரும். அதைப் பிரித்தறிய எலியின் பித்தநாளத்தில் மெல்லிய குழாய் செருகிப் பித்தநீரை வெளியே எடுப்பார்கள். சிறுநீர், பித்தநீர், கூண்டைக் கழுவிய நீர், மூச்சில் வந்த கரியமில வாயு, உடல் திசுக்கள் இத்தனையையும் கூட்டினால் உறிஞ்சப்பட்டது எவ்வளவு என்று கிடைக்கும். குழாய் செருகாமல் வெறும் சிறுநீரை மட்டும் வைத்துச் சொன்ன எண் என்றால் அதைக் கீழ்வரம்பு என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

லேசாக ஒட்டியதுதான் கவனிக்க வேண்டியது

பிணைந்த எச்சத்துக்கும் தனித்த மருந்துக்கும் நடுவில் ஒரு மூன்றாம் வகை இருக்கிறது. செடி மருந்தை ஒரு சர்க்கரையோடோ அமினோ அமிலத்தோடோ கோத்து வைத்திருக்கும். இந்தக் கோவை கரைப்பானில் இறங்கும், ஆனால் மருந்தாகத் தெரியாது. விலங்குக்குள் போனதும் கோவை அவிழ்ந்து பழைய மருந்தே திரும்பி வரும். அளவைப் பொறுத்தவரை சுவரில் புதைந்ததைவிட இதுவே முக்கியம் என்பது எங்கள் கருத்து.

2,4-டி என்னும் களைக்கொல்லி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. செடியில் அது குளுக்கோஸோடும் குளுட்டமிக், அஸ்பார்டிக் அமிலங்களோடும் சேர்ந்து கிடக்கும். சர்க்கரைக் கோவையைக் குடல் எளிதில் அவிழ்க்கும். வெளிவந்த 2,4-டி நன்றாக உறிஞ்சப்பட்டு, பெரும்பாலும் மாறாமலே சிறுநீரில் போய்விடும். உடலில் தங்குவது குறைவு.

குளுஃபோசினேட் என்னும் களைக்கொல்லி இன்னும் சுவையான கதை. அதைத் தாங்கும்படி மரபணு மாற்றிய பயிர்கள் மருந்தின் மேல் ஓர் அசிட்டைல் தொப்பியை மாட்டிச் செயலிழக்கச் செய்கின்றன. அந்தத் தொப்பி போட்ட பொருளை எலிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற குறைந்த அளவில் கொடுத்தபோது, சுமார் 10 சதவீதம் குடலில் தொப்பியைக் கழற்றிவிட்டு குளுஃபோசினேட்டாகப் புழுக்கையில் வந்தது. கழற்றியது குடல் பாக்டீரியா. எச்ச வரம்பு வகுக்கும்போது மருந்தோடு இந்த அசிட்டைல் பொருளையும் சேர்த்தே கூட்டுவது வழக்கமாகிவிட்டது.

குடல் பாக்டீரியாவின் கைவரிசையை நேரடியாகக் காட்டியது புரோபகுளோர் என்னும் களைக்கொல்லி. உடல் இதைக் குளுட்டாதயோனோடு கோத்துப் பித்தநீரில் தள்ளுகிறது. குடலில் உள்ள பாக்டீரியா கந்தகத்துக்கும் கார்பனுக்கும் நடுவே வெட்ட, வெட்டுண்ட துண்டு திரும்ப உறிஞ்சப்பட்டு மீதைல்சல்ஃபோனைல் வகைப் பொருளாக மாறுகிறது. நுண்ணுயிரே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குக் கொடுத்தபோது அந்தப் பொருள் உண்டாகவே இல்லை. இதையும் ஃபார்கோவின் பேக்கேதான், சுவீடன் ஆய்வாளர்களோடு சேர்ந்து 1980 வாக்கில் காட்டினார்.

கிளைஃபோசேட் இந்தப் பட்டியலில் சேராது. அது செடியில் பெரிதாக மாறுவதும் இல்லை, லிக்னினோடு கோத்துக்கொள்வதும் இல்லை, தண்ணீரில் இறங்கும். வாய்வழி போனதில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் எலியில் உறிஞ்சப்படுகிறது, மிச்சம் புழுக்கையில்.

எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும்

டைகுளோரோஅனிலின் பெயரைக் கேட்டால் பயம் வருவதில் நியாயம் உண்டு. இலங்கை மருத்துவமனைகளில் புரோபனில் குடித்தவர்கள் நீலம் பாரித்து வந்து சேர்ந்தது இந்தப் பொருளால்தான். கல்லீரல் அதன் நைட்ரஜனில் ஓர் ஆக்சிஜனைச் சேர்க்க, அது ஹீமோகுளோபினின் இரும்பைக் கெடுத்து, இரத்தம் பிராணவாயு சுமக்க முடியாமல் ஆக்குகிறது. ஆனால் அது புட்டியோடு குடித்த அளவு.

வைக்கோல் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. 400 கிலோ எடையுள்ள பசு நாளுக்கு 6 கிலோ வைக்கோல் தின்கிறது. கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் அனிலின் பிணைந்திருக்கிறது. ஒரு நாளில் உள்ளே போவது 1.2 மில்லிகிராம். முழுதும் விடுபட்டாலும் உடல் எடையில் கிலோவுக்கு 0.003 மில்லிகிராம், மூன்றில் ஒரு பங்கு விடுபட்டால் 0.001. இந்த அளவில் பசு நீலம் பாரிக்காது. கேள்வி பசுவின் உயிரைப் பற்றியதல்ல, பாலிலும் ஈரலிலும் தினந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக என்ன சேர்கிறது என்பது.

இதற்குப் பதில் தேடும் அதிகாரபூர்வ ஆய்வில் ஓர் இடைவெளி இருக்கிறது. ஓஇசிடி என்னும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் 503-ஆம் எண் வழிகாட்டிப்படி, பால் கறக்கும் ஆட்டுக்குத் தீனியில் கிலோவுக்குக் குறைந்தது 10 மில்லிகிராம் என்ற கணக்கில், குறைந்தது ஐந்து நாள் மருந்து கொடுப்பார்கள். முட்டையிடும் கோழிக்கு ஏழு நாள். காலை மாலை பால் எடுத்து, கடைசி வேளைக்குப் பிறகு 24 மணி நேரத்துக்குள் அறுத்து, ஈரல், சிறுநீரகம், தசை, கொழுப்பு எல்லாவற்றையும் அளப்பார்கள். ஆனால் வழக்கமாகக் கொடுப்பது குளிகையில் அடைத்த தனி மருந்து. மருந்து பிணைந்த வைக்கோல் அல்ல. தனி மருந்து பிணைந்ததைவிடக் கூடுதலாகவே உறிஞ்சப்படும், ஆகவே இது மோசமான நிலையைக் காட்டும் சோதனை என்பது வாதம். செடியில் உருவாவதும் விலங்கில் உருவாவதும் ஒரே பொருளாக இருக்கும்வரை வாதம் நிற்கும். செடியின் சுவரில் கிடப்பது விலங்கு தானாக உண்டாக்காத வேறொரு பொருள் என்றால் அதைத் தனியாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும். வழிகாட்டியும் அதற்கு இடம் தருகிறது.

உறிஞ்சப்படாதது எங்கே போகிறது

மாட்டுக்குள் ஏறாததால் கேடு இல்லை என்று நினைத்தவர்களுக்குப் பிரிட்டன் 2008-இல் பாடம் நடத்தியது. மேய்ச்சல் நிலத்தில் அகன்ற இலைக் களைகளை ஒழிக்க அமினோபைராலிட் அடித்தார்கள். புல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, மாட்டுக்கும் ஆகவில்லை. அந்த மாட்டின் எருவை வாங்கித் தோட்டத்தில் போட்டவர்களின் தக்காளியும் உருளைக்கிழங்கும் அவரையும் முறுக்கிக்கொண்டன. அமினோபைராலிட் புல்லின் நாரோடு ஒட்டிக்கொள்கிறது. வயிற்றில் விடுபட்ட பங்கு மாறாமலே சீக்கிரம் சிறுநீரில் இறங்குகிறது. விடுபடாத பங்கு சாணத்து நாரில் உட்கார்ந்திருந்து, மண்ணில் நார் மக்கும்போது வெளியே வருகிறது. அந்த ஆண்டு ஜூலையில் அனுமதியை நிறுத்திவைத்து, மறு ஆண்டு நிபந்தனைகளோடு திரும்பக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் இந்த மருந்தின் உறையில், அடித்த மேய்ச்சல் நிலத்திலிருந்து மாட்டை அகன்ற இலைப் பயிர் இருக்கும் இடத்துக்கு மாற்றுவதற்கு முன் மூன்று நாள் அடிக்காத நிலத்தில் மேயவிடச் சொல்லியிருக்கிறது. குடலில் இருப்பது இறங்கிப்போகத் தேவைப்படும் காலம் அது.

குவித்த எருவுக்குள் காற்று இல்லை, அதனால் அங்கே இது கரைய வெகுகாலம் ஆகும். சந்தேக எருவைக் குவித்து வைப்பதைவிட மெல்லப் பரப்பி மண்ணோடு கலந்து உழுவது நல்லது. எருவைச் சோதிக்க ஆய்வகம்கூட வேண்டாம். எருவும் சுத்தமான தொட்டி மண்ணும் சரிபாதி கலந்து மூன்று தொட்டி, வெறும் தொட்டி மண் மூன்று தொட்டி. ஒவ்வொன்றிலும் மூன்று பட்டாணி அல்லது அவரை விதை. அடியில் தனித்தனித் தட்டு. ஒன்றின் வடிநீர் இன்னொன்றுக்குப் போகக் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் எருத் தொட்டியின் புது இலைகள் மட்டும் கிண்ணம்போல் குவிந்து, தண்டு முறுக்கினால் எருவில் மருந்து இருக்கிறது. எருவில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான மருந்து இருந்தாலே இந்தச் செடிகள் முகம் காட்டிவிடும்.

வைக்கோலுக்கோ தீவனத்துக்கோ ஆய்வறிக்கை வாங்குகிறவர்கள் ‘கண்டறியப்படவில்லை’ என்ற வரியோடு நின்றுவிடக் கூடாது. பரவலாகச் செய்யும் குவெச்சர்ஸ் முறையில் மாதிரியைத் தண்ணீரில் நனைத்து அசிட்டோநைட்ரைல் ஊற்றிக் குலுக்குவார்கள். காய்ந்த வைக்கோலை நனைக்காமல் குலுக்கினால் தனி மருந்துகூட முழுதாக இறங்காது. நனைத்தாலும் சர்க்கரையோடு கோத்த 2,4-டி அந்த முறையில் 2,4-டி என்று தெரியாது. சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து, மிதமான சூட்டில் அரை மணி நேரம் குலுக்கிக் கோவையை அவிழ்த்த பிறகுதான் தெரியும். லிக்னினில் இருப்பது இதற்கும் வராது. ஆகவே அறிக்கையில் பார்க்க வேண்டியது முடிவு எழுதிய கட்டத்தை அல்ல, அதற்கு மேலே பொடி எழுத்தில் இருக்கும் முறையின் பெயரை: காரத்தில் சிதைத்தார்களா, இல்லையா.